காகிதக் கூழ் கூடை சொதப்பினால்: எங்கே தப்பு, எப்படிச் சரி செய்வது

எங்கள் கூடத்து அலமாரியில் ஒரு காகிதக் கூழ் கூடை இருக்கிறது. சாவி, ரப்பர் பேண்டு, தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் அதில்தான் கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்து, "இதுவா பேப்பர்?" என்று தட்டிப் பார்ப்பார்கள். மரப்பெட்டியைத் தட்டினாற்போல் டொக் டொக்கென்று கேட்கும். அதற்கு முன்னால் நான் செய்த நான்கு கூடைகள் அப்படிக் கேட்கவில்லை. ஒன்று சட்டியை விட்டு வரமாட்டேன் என்றது, ஒன்று வெடித்தது, ஒன்றில் பச்சைப் பூஞ்சை பூத்தது. நான்காவதை ஆத்திரத்தில் நானே மிதித்துவிட்டேன்.

ஆச்சி வீட்டில் இப்படிக் கூடைகள் ஏழெட்டு இருந்தன. வற்றலுக்கு ஒன்று, புளியங்கொட்டைக்கு ஒன்று, நூல்கண்டுக்கு ஒன்று. பழைய பேப்பரைக் கிழித்து ஊறப்போட்டு, வெந்தயத்தோடு உரலில் இடித்து, கவிழ்த்த மண்சட்டியின் மேல் அப்பி, முற்றத்தில் வைத்துவிடுவாள். மிச்ச வேலையைத் திருநெல்வேலிச் சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும். நமக்கு வாய்த்தது அடுக்குமாடி பால்கனி, மிக்ஸி, கடலோர ஊரின் ஈரக்காற்று. அதே செய்முறை நம் கையில் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுதான் காரணம்.

முதலில் அளவு. ஒரு சாண் அகலக் கூடைக்குக் கால் கிலோ செய்தித்தாள், 50 கிராம் வெந்தயம். வேண்டுமானால் நாலு மேசைக்கரண்டி பெவிகால், இரண்டு கைப்பிடி சாக்பீஸ் தூள். பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒரு நாள் முழுக்க ஊறவைக்க வேண்டும். வெந்தயம் ஒரு இரவு ஊறினால் போதும். இரண்டையும் தனித்தனியாக அரைத்துப் பிழிந்து பிசைந்தால் கூழ் தயார். அப்பும்போது இந்தக் கூழில் காகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் வெளியே போகிறது என்பதில்தான் கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. உங்கள் கூடைக்கு என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கூழில் இன்னும் எழுத்து தெரிகிறது, துண்டு துண்டாக இருக்கிறது

ஊறியது போதவில்லை, அல்லது காகிதம் சரியில்லை. செய்தித்தாள் சீக்கிரம் கரையும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாளில் மேலே வெள்ளைக் களிமண் பூச்சு இருப்பதால் தண்ணீர் உள்ளே போக நேரமாகும். கரைந்தாலும் கூழ் மாவு மாதிரி இருக்குமே தவிர இழை பிடிக்காது. பெரிய தட்டு முட்டை அட்டை கிடைத்தால் அதுதான் ராஜா. அது ஏற்கெனவே கூழில் வார்த்த சமாச்சாரம் என்பதால் இரண்டு மணி நேரத்தில் கையாலேயே மசிந்துவிடும்.

அவசரமென்றால் ஊறிய பேப்பரைப் பழைய பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். மிக்ஸியில் அரைக்கும்போது ஜாரில் கால் பங்குக்கு மேல் பேப்பர் வேண்டாம், மீதி தண்ணீர். கெட்டியாகப் போட்டு ஓட்டினால் மோட்டார் சூடேறி வாடை வரும், அப்புறம் வீட்டில் உங்களுக்கு வேறு வாடை வரும். ஸ்டேப்ளர் பின்னை முதலிலேயே பிடுங்கிவிடுங்கள். அரைத்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாய் வளைவில் கூழ் உட்கார்ந்துகொள்ளும். பிளம்பர் வந்தபோது நான் "என்னன்னு தெரியலையே அண்ணே" என்று சொன்னேன். அவர் கம்பியில் இழுத்து வெளியே எடுத்ததில் ராசிபலன் படிக்கிற நிலையில் இருந்தது.

சட்டியில் அப்பினால் வழிகிறது, அல்லது உதிர்கிறது

வழிந்தால் தண்ணீர் அதிகம், உதிர்ந்தால் குறைவு. ஆனால் எவ்வளவு பிழிவது என்பதை எழுத்தில் சொல்வது கஷ்டம், கையில்தான் காட்ட முடியும். பழைய வேட்டித் துணியில் கூழைக் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். பிறகு ஒரு எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடி அழுத்துங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னொரு முறை பிழிய வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை புட்டு மாதிரி உதிர்ந்தால் பிழிந்தது அதிகம், கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். விரல் ரேகை பதிந்து, ஈரம் மினுங்கி, சொட்டாமல் நின்றால் சரி. கொழுக்கட்டைக்குக் கிளறிய மாவின் பதம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நொடி வேலை.

உருண்டையைத் தட்டினால் ஓரத்தில் விரிசல் விடுகிறதா? பசை போதவில்லை. இன்னொரு பிடி வெந்தயம் அரைத்துச் சேருங்கள். வெந்தயத்தில் கேலக்டோமேனன் என்ற கோந்துச் சத்து இருக்கிறது. கொத்தவரை விதையில் எடுக்கிற கோந்தும் இதே வகைதான். இட்லி மாவுக்கு வெந்தயம் போட்டால் கொழகொழவென்று வருகிறதே, அதே வேலையை இங்கே காகித இழைகளுக்கு நடுவில் செய்கிறது. கசப்பு வேறு இருப்பதால் பூச்சி கொஞ்சம் யோசிக்கும் என்பது ஆச்சியின் கணக்கு.

நாறுகிறது

மூன்று நாள் நான்கு நாள் என்று ஊறவிட்டிருப்பீர்கள், தண்ணீரை மாற்றியிருக்க மாட்டீர்கள். பேப்பர் ஊறும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வெந்தயத்தையும் பெவிகாலையும் அப்பும் அன்றுதான் சேர்க்க வேண்டும். மீந்த கூழை நன்றாகப் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள், வேண்டும்போது திரும்ப ஊறவைத்துக்கொள்ளலாம். லேசான புளிப்பு வாடை காய்ந்ததும் போய்விடும். அழுகல் வாடை என்றால் செடிக்குப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

காய்ந்துவிட்டது, ஆனால் சட்டியை விட்டுக் கழலவில்லை

இதற்குத்தான் எனக்கு அதிகம் போன் வருகிறது. போன வருஷம் அக்கா மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் மண்சட்டி, சட்டிக்கு மேல் கவசம் மாதிரி கூடை.

"சித்தி, எவ்வளவு இழுத்தாலும் அசைய மாட்டேங்குது. சட்டியை உடைச்சிரட்டுமா?"

"சட்டிக்கு மேல, கூழுக்கு அடியில என்ன விரிச்ச?"

"எதுவும் விரிக்கலையே."

அதுதான் விஷயம். மண்சட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரத்தோடு வெந்தயப் பசையையும் அது உறிஞ்சிக்கொள்கிறது, காய்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் குடித்த காகித இழை உப்பியிருக்கும், காயக் காயச் சுருங்கும். கவிழ்த்த சட்டியின் வெளிப்புறத்தில் அப்பினால், சுருங்குகிற கூடை சட்டியை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஈர ரப்பர் செருப்பு காலைப் பிடிப்பதுபோல. அதே கூழைப் பாத்திரத்தின் உள்புறத்தில் அப்பிப் பாருங்கள். சுருங்கும்போது அது சுவரை விட்டு உள்பக்கமாக விலகி, தானாகவே கழன்று நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் கூடையை உள்பக்கம் அப்பிச் செய்வதே நல்லது. வெளிப்பக்கம் அழகாக வரும், கழற்றுவதும் சுலபம்.

வெளியே அப்புவதென்றால் சட்டிக்கு மேல் முதலில் ஈரத்துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் போர்த்துங்கள், அல்லது பால் பாக்கெட் கவரை வெட்டி விரித்துக் கட்டுங்கள். எண்ணெய் தடவுவதும் ஒரு வழிதான், ஆனால் அந்த எண்ணெய் கூடையின் உள்பக்கத்தில் ஊறி, பிற்பாடு பெயிண்ட் ஒட்டவிடாமல் பழிவாங்கும். பாத்திரத்தின் வடிவமும் முக்கியம். வாய் அகன்று அடி குறுகியதாக இருக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய குடத்தில், செம்பில் அப்பினால் என்ன போர்த்தினாலும் முழுதாக வராது.

ஒட்டிக்கொண்டதை எடுக்க என்ன வழி? கத்தியை விட்டு நெம்பாதீர்கள், விளிம்பு பிய்ந்துவிடும். முதலில் ஒரு நாள் நல்ல வெயிலில் வைத்து, சட்டியை நாலு பக்கமும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். சத்தம் ஓரிடத்தில் வெற்றாகக் கேட்டால் அங்கே விட்டுக்கொடுத்திருக்கிறது, அந்தப் பக்கமிருந்து மெல்ல அசைக்கலாம். எங்கும் கேட்கவில்லையென்றால் அறுவைதான். அக்கா மகளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

"சட்டி கிடைக்கிறதுக்குச் சந்தைக்குப் போகணும். கூடை வெறும் பேப்பர். கூடையை வெட்டு."

விளிம்பிலிருந்து அடிவரை ஒரே கோடாகக் கட்டர் பிளேடால் வெட்டச் சொன்னேன். ஒரே இழுப்பில் அல்ல. அதே கோட்டில் பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாக. வெட்டு சட்டியைத் தொட்டதும் கூடை ஒரு நூல் அளவு தானாக விரிந்தது, திரையில் எனக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் சற்று அகட்டி உருவினாள், வந்துவிட்டது. வெட்டின இரண்டு ஓரத்திலும் பெவிகால் தடவி, நூலால் கூடையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, காய்ந்தபின் உள்ளும் வெளியும் இரண்டு விரல் அகலப் பேப்பர் பட்டைகளைக் குறுக்காக ஒட்டினாள். மேலே ஒரு கோட் கூழ். இப்போது அந்தத் தழும்பு எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது.

வெடிப்பு விழுகிறது

எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெடிப்பின் இடம் காரணத்தைச் சொல்லிவிடும்.

விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நேராக இறங்கினால், கூடை சுருங்கப் பார்த்திருக்கிறது, சட்டி விடவில்லை. மேலே சொன்ன அதே கதை. வெளியே அப்பும் கூடையை முழுசாகக் காயும்வரை சட்டியிலேயே விடக் கூடாது. இரண்டாம் நாள், வெளிப்பக்கம் தோல்போல் இறுகி உள்பக்கம் ஈரமாக இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். எவர்சில்வர், பிளாஸ்டிக் பாத்திரமென்றால் இது இன்னும் முக்கியம். மண்சட்டியாவது ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும், இவை ஒரு சொட்டும் குடிக்காது.

அடிப்பாகமும் சுவரும் சேரும் வளைவில் வெடித்தால், கனம் சமமில்லை. அடியில் கூழ் தானாக மொத்தமாக விழும், சுவரில் மெலிந்திருக்கும். மெலிந்தது முதலில் காய்ந்து சுருங்க, மொத்தமானது அசையாமல் நிற்க, நடுவில் பிளக்கும். அரை சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதல், அவ்வளவுதான் கனம் இருக்க வேண்டும். துடைப்பக்குச்சியில் அந்த அளவுக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, அப்பும்போது அங்கங்கே குத்திப் பாருங்கள். குழி சின்னது, கூழால் மூடிவிடலாம்.

மேற்பரப்பு முழுக்கக் குளத்துச் சேறு காய்ந்தாற்போல் மெல்லிய கோடுகளா? வெயில் ரொம்ப வேகம். நம் ஊர் மத்தியான வெயிலில் நேரே வைத்தால் மேல்தோல் இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும், உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். முதல் நாள் நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து காலை வெயில். மூன்றாம் நாளுக்கு மேல் எந்த வெயிலும் பயமில்லை. இரண்டு கைப்பிடி சாக்பீஸ் தூளோ, பெயிண்ட் கடையில் கிடைக்கிற வெள்ளைச் சுண்ணாம்புத் தூளோ கூழில் பிசைந்தால் சுருக்கமும் குறையும். ஏனென்றால் தூள் தண்ணீரில் உப்புவதுமில்லை, காய்ந்து சுருங்குவதுமில்லை.

விழுந்துவிட்ட வெடிப்பை அடைப்பது எளிது. வெடிப்பின் இரு ஓரங்களையும் ஈரப் பஞ்சால் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்த ஓரத்தில் நேரே கூழை வைத்தால், ஓரம் கூழின் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு அடைப்பைத் தனியாகக் கழற்றிவிடும். கூழைக் கொஞ்சம் எடுத்து இரண்டு மடங்கு பெவிகால் சேர்த்து, ஐஸ் குச்சியால் உள்ளே திணித்து, சற்று மேடாகவே விடுங்கள். காய்ந்து இறங்கினபின் உப்புத்தாள் போட்டுக்கொள்ளலாம். கையே உள்ளே போகிற அளவு பிளந்திருந்தால் அடைக்க வேண்டாம், நூலால் தைத்து அதையே ஓர் அலங்காரமாக்கிவிடுங்கள். எனக்கு அப்படி ஒன்று இருக்கிறது, பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே செய்ததாக நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

பூஞ்சை பிடித்துவிட்டது

வெந்தயம், சிலர் பசைக்காகச் சேர்க்கிற மைதா, காகிதம். மூன்றும் பூஞ்சைக்குச் சாப்பாடு. நான்கு நாளைக்குள் மேற்பரப்பு காயாவிட்டால் அது வந்து உட்கார்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சென்னை, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் கூடை செய்யத் தொடங்குவது வீண் வீம்பு. மாசியில் தொடங்கி ஆனிவரை செய்யுங்கள். மழைக்காலத்தில் செய்தே ஆகவேண்டுமென்றால் கூழ் முறையை விட்டுவிட்டு, பேப்பர் பட்டைகளைப் பெவிகால் தண்ணீரில் தோய்த்து நாலு அடுக்கு ஒட்டி, காயவிட்டு, மறுபடி நாலு அடுக்கு என்று போங்கள். ஒவ்வொரு சுற்றும் மெல்லியது என்பதால் விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும்.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அங்கங்கே இருந்தால் காப்பாற்றலாம். வெளியே எடுத்துப் போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, இரண்டு நாள் கடும் வெயிலில் இரு பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். தண்ணீர் தெளித்துக் கழுவாதீர்கள், அதற்கு விருந்து வைத்த மாதிரி. கறுப்பாக, பச்சையாக உள்வரை ஓடியிருந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைக்கப் பார்க்க வேண்டாம். உள்ளே அது வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். தூக்கிப் போட்டுவிடுங்கள். குழந்தைகளும் வீசிங் உள்ளவர்களும் இருக்கிற வீட்டில் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

கூழில் ஒரு பிடி உப்பு போட்டால் பூஞ்சை வராது என்று ஒருவர் சொல்ல, நானும் போட்டேன். பூஞ்சை வரவில்லை, கூடை காயவுமில்லை! மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே குணம். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு கூடை வருஷம் பூராவும் பிசுபிசுத்தது.

புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆனால் அது விஷம். வெறும் கையால் கூழ் பிசைகிற நமக்கு, அதுவும் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்கிற வேலைக்கு, அது வேண்டாம்.

அழுத்தினால் அமுங்குகிறது, தட்டினால் சத்தமே இல்லை

இன்னும் காயவில்லை. வெளியே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், நம்பாதீர்கள். கூடையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளிருந்து ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துவையுங்கள். அலமாரியில் இருக்கிற என் கூடை முதல் நாள் 940 கிராம். மூன்றாம் நாள் 610. ஆறாம் நாள் 345, ஏழாம் நாள் 338, எட்டாம் நாளும் 338. இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறவில்லையென்றால் போகவேண்டிய தண்ணீர் போய்விட்டது. ஆறாம் நாளே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அன்றைக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் கொப்புளித்திருக்கும்.

எடை நின்றபிறகும் நெளிந்தால் பசை குறைவு. பெவிகாலில் பாதியளவு தண்ணீர் கலந்து உள்ளும் வெளியும் இரண்டு முறை பூசுங்கள், நன்றாக ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

தரையில் வைத்தால் ஆடுகிறது

அடி குவிந்திருக்கிறது. முரட்டு உப்புத்தாளைத் தரையில் முகம் மேலே தெரிய விரித்து, கூடையை அதன்மேல் வைத்து வட்டமாகத் தேயுங்கள். அம்மியில் அரைக்கிற மாதிரிதான். பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். இன்னும் அரைகுறை ஈரமாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம், உள்ளே ஒரு கனமான டப்பாவை வைத்து இரவு முழுக்க விட்டால் போதும்.

மேடு பள்ளமாக, சொரசொரப்பாக இருக்கிறது

சிலருக்கு அதுவே பிடிக்கும், எனக்கும்தான். வழவழப்பு வேண்டுமென்றால் 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, 220 என்று போங்கள். தூள் நிறையப் பறக்கும், மூக்கை மூடிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து தேய்க்கவும். பிறகு சாக்பீஸ் தூளும் பெவிகாலும் தோசை மாவுப் பதத்தில் கலந்து பூசி, காயவிட்டு, மறுபடி தேய்ப்பு. சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோலத்தான். பள்ளங்கள் இரண்டாவது பூச்சில் மறையும், மூன்றாவதில் கூடை பீங்கான்போல ஆகிவிடும்.

காஷ்மீரில் காகிதக் கூழ் வேலையையே இரண்டு தொழிலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உருவத்தைச் செய்து, பூசி, தேய்த்துக் கொடுப்பவர் ஒருவர். அதன்மேல் சித்திரம் எழுதுபவர் வேறொருவர். தேய்ப்பதை ஒரு கைவேலையாகவே மதிக்கிறார்கள். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பெயிண்டைத் திறக்கிறோம்.

பெயிண்ட் சரியாக வரவில்லை

ஒவ்வொரு கோட்டையும் கூடை குடித்துவிட்டு மங்கலாகவே நின்றால், ப்ரைமர் அடிக்காமல் தொடங்கியிருக்கிறீர்கள். வெள்ளை ப்ரைமரோ, கொஞ்சம் பெவிகால் கலந்த வெள்ளை டிஸ்டம்பரோ முதலில் ஒரு கோட். செய்தித்தாள் மையால் கூழ் எப்போதும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அதன்மேல் நேரே மஞ்சள் அடித்தால் பாசி நிறம்தான் வரும்.

கொப்புளித்து உரிந்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. உரித்து, தேய்த்து, தராசு சொல்லும்வரை காயவிட்டு, மறுபடி அடியுங்கள். உள்பக்கம் மட்டும் உரிந்தால் சட்டிக்குத் தடவிய எண்ணெய்தான். அந்த இடத்தை உப்புத்தாளில் நன்றாகச் சுரண்டிவிட்டு, பெயிண்டுக்குப் பதிலாகத் துணி ஒட்டிவிடுங்கள். பழைய சுங்குடிச் சேலைத் துண்டு அதற்கு அழகாக அமையும்.

கஷ்டப்பட்டுப் போட்ட பூ, வார்னிஷ் அடித்ததும் கரைந்து இழுத்துக்கொண்டு வந்ததா? பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் உபயோகித்திருப்பீர்கள். அது காய்ந்தபிறகும் தண்ணீர் பட்டால் கரையும், தண்ணீரில் கலக்கும் வார்னிஷின் பிரஷ் பட்டாலும் கரையும். அக்ரிலிக் அப்படியல்ல, ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான். போஸ்டர் கலர்தான் கைவசம் இருக்கிறதென்றால் பிரஷைத் தொடாமல் ஸ்பிரே வார்னிஷை ஒரு முழம் தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள்.

வார்னிஷ் நாள் கணக்கில் பிசுபிசுத்தால் மழைநாளில் அடித்திருப்பீர்கள், அல்லது கோட் மொத்தம். வெயில் வரட்டும், அதுவரை தூசி படாத இடத்தில் மூடாமல் வையுங்கள். விரல் வைத்துப் பார்க்கிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.

செய்து முடித்த கூடையைப் பூச்சி அரிக்கிறது

கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் வார்னிஷ் இருக்காது. எல்லோரும் அடியை விட்டுவிடுகிறோம், ராமபாணப் பூச்சியும் கரப்பானும் அங்கிருந்துதான் தொடங்கும். மாவுப் பசை அவற்றுக்கு உயிர். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தட்டி, அரித்த இடத்தைப் பெவிகால் கூழால் அடைத்து, அடி, விளிம்பு, உள் மூலை ஒன்று விடாமல் வார்னிஷ் அடியுங்கள். மைதா போட்டுச் செய்ததென்றால் எலியும் வரும். அடுத்த முறை வெந்தயமும் பெவிகாலும் மட்டும். சுவரை ஒட்டிய தரையில் வைக்காதீர்கள், கரையானுக்கு அது நேர் வழி.

ஆச்சி வற்றல் போட்டு வைத்தாளே என்று நாமும் தின்பண்டம் போட வேண்டாம். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அச்சு மை உணவில் இறங்கும். வளையல், நூல்கண்டு, ரிமோட், கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் கிழங்கு பாக்கெட் இதற்கெல்லாம் கூடை தாராளமாக உழைக்கும். தண்ணீர்ச் செடித் தொட்டியை மட்டும் அதில் இறக்கிவிடாதீர்கள். வெளியே வழியும் ஒரு தம்ளர் தண்ணீர் போதும், அடி ஊறிக் கழன்றுவிடும்.

எதுவுமே சரிப்படவில்லை

பெயிண்ட் அடிக்காத, பூஞ்சை பிடிக்காத கூடையென்றால் இன்னும் நஷ்டமில்லை. உடைத்துத் துண்டாக்கி வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்தயம் மட்டும் போட்டது ஒரு நாளில் இளகிவிடும். பெவிகால் கலந்தது வெந்நீரில் இரண்டு நாள் அடம் பிடிக்கும், அப்படியும் சில கட்டிகள் மசியாது, அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிடலாம். மறுபடி அரைக்கும்போது இழை சற்றுக் குறுகியிருக்கும் என்பதால் கால் பங்கு புதுப் பேப்பரும் ஒரு பிடி வெந்தயமும் சேருங்கள். நான் மிதித்த அந்த நாலாவது கூடையும் இப்படித்தான் வாளிக்குப் போனது. அதோடு ஒரு முட்டை அட்டையும் சேர்த்து அரைத்துச் செய்ததுதான் இப்போது அலமாரியில் டொக் டொக்கென்று கேட்கிற கூடை.